கல்லை எடுப்பதற்கு முன்: ஜப்பானியக் கவாத்துக் கத்தரிகளின் கோளாறு நீக்கும் வழிமுறை

கவாத்து செய்யும், அதாவது கிளைகளை நறுக்கிச் சீராக்கும், கத்தரி சரியாக வெட்டவில்லை என்றதும் கை தானாகச் சாணைக்கல்லைத் தேடிப் போகிறது. அந்தக் கையைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். கியோத்தோவில் இரண்டு குளிர்காலங்கள் ஒரு வயதான தோட்டக்காரரிடம் ஏணி தூக்கிக்கொண்டும் பைன் ஊசிகளைப் பெருக்கிக்கொண்டும் இருந்தேன். அங்கே எல்லோரும் அவரை ‘ஒயாகத்தா’ என்றே அழைப்போம்; வேலைக்குழுவின் தலைவர், ஆசான் என்று பொருள். கத்தரி தகராறு செய்கிறது என்று யாராவது போய் நின்றால் அவர் கத்தரியை வாங்கிப் பார்க்க மாட்டார். கீழே கிடக்கும் கொம்பை எடுத்து, வெட்டுப்பட்ட முகத்தைப் பார்ப்பார். பிறகு துணியைக் காட்டுவார். துணியால் தீராவிட்டால் திருகாணி. அதிலும் தீராவிட்டால்தான் கல்.

கல் தொடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எஃகு போகிறது. போன எஃகு திரும்பி வராது. நல்ல கொல்லர் அடித்த கத்தரி ஒருவர் வேலை செய்யும் காலம் முழுவதும் உழைக்கக்கூடியது. அவசரப்பட்டுத் தீட்டினால் சில ஆண்டுகளில் அது தேய்ந்துபோகும். கோளாறுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். எந்த அறிகுறியாக இருந்தாலும் அவருடைய வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

கையில் இருப்பது எது?

மருந்து கத்தரியின் வகையைப் பொறுத்தது. ‘செந்தேய் பசாமி’ என்பது நாம் கவாத்துக் கத்தரி என்று சொல்லும் வகை. ஓர் அலகு வெட்டும். வளைந்த மற்றோர் அலகு கொம்பைத் தாங்கிப் பிடிக்கும். மெய்ஜி காலத்தில் (1868–1912) மேற்கத்தியப் பழத்தோட்ட முறைகளோடு ஜப்பானுக்குள் வந்த வடிவம் இது. வடக்கே ஆப்பிள் விளையும் ஹிரோசாகியிலும், பழத்தோட்டங்கள் நிறைந்த யாமகாத்தாவிலும் கொல்லர்கள் அதைத் தங்கள் விவசாயிகளின் கைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

‘உவேகி பசாமி’ அதைவிடப் பழையது. இரண்டு அலகும் வெட்டும், ஸ்பிரிங் கிடையாது, பிடி பெரிய வளையமாக இருக்கும். வளையம் அகன்று உருண்டிருந்தால் அது ‘ஓகுபோ’, தோட்ட வேலைக்கானது. பிடி பெரணித் தளிரைப்போலச் சுருண்டிருந்தால் ‘வராபிதே’. இகெபானா மலர் அலங்காரத்தில் இகெனோபோ மரபினர் கையில் காணலாம். இரு கைகளாலும் பிடித்து வேலிச்செடியைச் சீவும் நீண்ட கத்தரி ‘கரிகோமி’. இவற்றோடு இழுத்து அறுக்கும் ரம்பமும் சேர்ந்தால் தோட்டக்காரரின் இடுப்புவார் நிறைந்துவிடும்.

இவற்றின் உடலமைப்பை ஒரே ஒரு முறை புரிந்துகொண்டால் போதும், பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் தானே விளங்கும். அடித்துச் செய்த கத்தரியில் மென்மையான இரும்பின்மேல் கடினமான எஃகை ஒட்டியிருப்பார்கள். இரும்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும், எஃகு கூர்மையைத் தாங்கும். வாள் செய்தவர்களுக்கு இது கைவந்த வித்தை. 1876இல் பொது இடங்களில் வாள் அணியத் தடை வந்த பிறகு அவர்களில் பலர் விவசாயக் கருவிகளின் பக்கம் திரும்பினார்கள். எஃகில் பெயர்பெற்றது ஷிமானே மாகாணத்தின் யாசுகி ஊரிலிருந்து வருவது. கட்டுகளை அடையாளம் காண ஒட்டிய காகிதத்தின் நிறத்தாலேயே அதற்கு வெள்ளைக் காகித எஃகு, நீலக் காகித எஃகு என்று பெயர். வெள்ளையில் கரிமம் ஒரு சதவீதத்துக்கு மேல். வேறு சேர்மானம் மிகக் குறைவு. நீலத்தில் குரோமியமும் டங்ஸ்டனும் கூடுதலாகச் சேரும், கூர் சற்றே நீடிக்கும். இரண்டுமே துருப்பிடிக்கும். (அதே யாசுகியில்தான் அடாச்சி கலைக்கூடத்தின் தோட்டமும் இருக்கிறது. அந்தப் பைன் மரங்களின் ஒழுங்கைப் பார்த்தவர்களுக்கு, எஃகும் தோட்டமும் ஒரே மண்ணில் இருப்பது பொருத்தமாகவே தோன்றும்.)

அலகின் வெளிப்பக்கத்தில் சரிவு இருக்கும். உட்பக்கம், அதாவது இரண்டு அலகும் ஒன்றோடொன்று உரசும் பக்கம், தட்டையாகவோ மிக இலேசாகக் குழிந்தோ இருக்கும். அதை ‘உரா’ என்பார்கள். கத்தரியின் உயிர் அந்த உட்பக்கத்தில்தான் இருக்கிறது. கீழே பல இடங்களில் அதை மீண்டும் சொல்லப்போகிறேன்.

அறிகுறி: வெட்டிய இடம் நசுங்கி, பட்டை உரிந்திருக்கிறது

கொம்பின் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். தாங்கும் அலகு பட்ட பக்கம் மட்டும் கன்றியிருந்தால் கத்தரியில் குறை இல்லை, பிடித்த விதத்தில்தான் குறை. வெட்டும் அலகு மரத்தில் தங்கப்போகும் பக்கத்தில் இருக்க வேண்டும். வளைந்த தாங்கு அலகு, விழப்போகும் துண்டின் பக்கம் இருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் நசுங்கல் துண்டோடு போய்விடும். பலர் கத்தரியைத் தலைகீழாகப் பிடித்து மரத்தின் பக்கம் காயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தக் காயம் மெதுவாக மூடும், நோயும் அதன் வழியாக உள்ளே நுழையும்.

இரண்டு பக்கமும் நசுங்கியிருந்தால் கொம்பின் தடிமனைப் பாருங்கள். 200 மில்லிமீட்டர் நீளக் கவாத்துக் கத்தரிக்குப் பச்சைக் கொம்பு 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை சரி. அதற்கு மேல் போனால் ரம்பத்தை எடுங்கள். எல்லையை ஒட்டிய தடிமனாக இருந்தால் கொம்பை அலகின் நுனியில் வைக்காமல் அடிவரை உள்ளே கொடுங்கள். இடது கையால் கொம்பை, தாங்கு அலகு இருக்கும் திசையில் மெல்லத் தள்ளிக்கொண்டே வலது கையை மூடுங்கள். வெட்டு வாய் பிளந்து கொடுக்கும். அலகு வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். கத்தரியை மட்டும் இடவலமாகத் திருகக் கூடாது. ஒயாகத்தா குரலை உயர்த்தி நான் கேட்டது ஒரே ஒரு முறைதான்: நான் கத்தரியைத் திருகி ஒரு காய்ந்த கொம்பை ஒடித்தபோது.

பிடியும் சரி, தடிமனும் சரி, அப்படியும் நசுங்குகிறதா? அலகைத் துடைத்துவிட்டு மறுபடி வெட்டிப் பாருங்கள். பழுப்பாக ஒட்டியிருக்கும் பாலும் பிசினும் கூர்விளிம்பை மறைத்துக்கொண்டிருக்கும். கத்தரி மழுங்கிவிட்டது என்று நாம் முடிவுகட்டுவதில் பெரும்பகுதி இந்த அழுக்குதான்.

அறிகுறி: திறந்து மூடக் கடினமாக இருக்கிறது

இதைச் சிறிய கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். நான் பார்த்த அளவில் கத்தரிகள் கெட்டுப்போகும் கதை இங்கேதான் தொடங்குகிறது. அச்சாணியில் பிசின் இறுகுகிறது. கை வலிக்கிறது. உடனே திருகாணியைக் கொஞ்சம் தளர்த்துகிறோம், கத்தரி இலகுவாகிறது. ஆனால் இப்போது இரண்டு அலகுக்கும் நடுவில் இடைவெளி வந்துவிட்டது; இலை மடிகிறது, நார் அறவில்லை. கூர் போய்விட்டது என்று நினைத்துத் தீட்டுகிறோம். அப்படியும் வெட்டவில்லை என்பதால் உட்பக்கத்தையும் கல்லில் தேய்க்கிறோம். ஒரு துளிப் பிசினுக்காக ஒரு நல்ல கத்தரி போய்விடுகிறது.

எனவே கடினமாக இருந்தால் திருகாணியைத் தொடாதீர்கள். அலகைத் திறந்து, அச்சாணியைச் சுற்றியும் உட்பக்கத்திலும் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். பைன் பிசின் தண்ணீருக்கு மசியாது, ஆல்கஹாலுக்கு மசியும். கடையில் கிடைக்கும் பிசின் நீக்கும் திரவங்களும் நல்லவைதான். பயன்படுத்தியதும் ஈரமில்லாமல் துடைத்துவிட வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு முப்பது நாற்பது முறை திறந்து மூடுங்கள். கறுப்பாக ஒன்று கசியும். அதைத் துடைத்து, மறுபடி ஒரு சொட்டு. கசிவு தெளியும் வரை இதைச் செய்யுங்கள். பிசினைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். உட்பக்கத்தில் விழும் கீறல் அடுத்த பிசினுக்கு வீடாகிவிடும்.

ஜப்பானியப் பைன் மரங்களுக்கு வசந்தத்தின் இறுதியில் பச்சைத் தளிர் கிள்ளுவதும், குளிர்காலத்துக்கு முன் பழைய ஊசிகளைக் களைவதும் என ஆண்டுக்கு இரண்டு பெரிய வேலைகள் உண்டு. அந்த நாட்களில் துணி இடுப்பிலேயே தொங்க வேண்டும். மாலையில் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்ட பிசின் மாலைக்குள் அரக்காகிவிடும்.

அறிகுறி: மெல்லிய இலையோ தாளோ வெட்டுப்படாமல் அலகுகளுக்கு இடையே மடிகிறது

துடைத்தாயிற்று, மடிப்பு நீங்கவில்லை என்றால் இப்போது திருகாணி. கவாத்துக் கத்தரியில் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். ஒரு பிடியைப் படுக்கைவாட்டில் பிடித்து, மற்றதை விரித்துவிட்டுக் கையை எடுங்கள். அது மெதுவாக, தன் எடையாலேயே இறங்க வேண்டும். சடாரென்று விழுந்தால் தளர்வு. நடுவழியில் நின்றுவிட்டால் இறுக்கம். பிடிகளைப் பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்று ஆடக் கூடாது. மரையைக் கால் சுற்றுக்கும் குறைவாகவே ஒவ்வொரு முறையும் திருப்பிச் சோதித்துப் பாருங்கள். பூட்டுத் தகடு உள்ள கத்தரியானால் சோதனைக்குப் பிறகு அதை மறக்காமல் மாட்டுங்கள்.

உவேகி பசாமியில் பெரும்பாலும் மரை இராது. தறையப்பட்ட ஆணிதான் இருக்கும். ஆடினால், ஆணியின் ஒரு தலையைக் கனமான இரும்பின்மேல் வைத்து மறுதலையைச் சிறு சுத்தியலால் தட்டலாம். பலமாக ஒரு அடி வேண்டாம், மெல்லிய பத்துத் தட்டு போதும். இரண்டு தட்டுக்கு ஒரு முறை திறந்து மூடிப் பாருங்கள். அதிகம் இறுகிவிட்டால் தளர்த்துவது இறுக்குவதைப்போல எளிதன்று. துணிவில்லை என்றால் கருவிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், அதில் தவறில்லை.

திருகாணியும் சரியாக இருந்து, அப்படியும் இலை மடிந்தால் உட்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கூரை ஒட்டி, மயிரிழை அகலத்தில் ஒரு பளபளக்கும் கோடு தெரிகிறதா? யாரோ உட்பக்கத்தைச் சாய்த்துத் தீட்டியிருக்கிறார்கள். அந்த இழை அகலச் சரிவு போதும், இரண்டு கூரும் தொடாமல் விலகி நிற்கும். அந்தக் கோடு மறையும் வரை உட்பக்கம் முழுவதையும் தட்டையான கல்லில் சமன் செய்ய வேண்டியிருக்கும். நுண்ணிய வேலை, நிறைய எஃகு போகும், கைதேர்ந்தவருக்கே விட வேண்டியது.

இடக்கைக்காரர்களுக்கு ஒரு சொல். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால், மூடும்போது விரல்கள் கொடுக்கும் அழுத்தம் அலகுகளைப் பிரித்துத் தள்ளுகிறது. கத்தரியில் எந்தக் கோளாறும் இல்லாமலே இலை மடியும். இடக்கைக்கென்றே செய்யும் கத்தரிகள் உண்டு. பழகிக்கொள்ளலாம் என்று சமாளிக்காமல் அதையே வாங்குங்கள்.

கோளாறு போலத் தோன்றும், கோளாறல்லாத ஒன்று

மூடிய உவேகி பசாமியைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி தெரியும். அலகுகள் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். அதைக் கண்டு பயந்து ஆணியைத் தட்டி இறுக்கியவர்களை, அலகைத் தட்டி நிமிர்த்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வளைவு கொல்லர் வேண்டுமென்றே கொடுத்தது. இரண்டு அலகும் இலேசாக வளைந்திருப்பதால், மூடும்போது தொடும் புள்ளி அடியிலிருந்து நுனிக்கு நகர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு கணமும் ஒரே ஒரு புள்ளிதான் வெட்டுகிறது. முழு நீளமும் ஒட்டிக்கொண்டால் உராய்வு கூடி, வெட்டு மந்தமாகும். அந்த வளைவைப் பிசகாமல் கொடுப்பதற்குத்தான் கொல்லர் ஆண்டுக்கணக்கில் பழகுகிறார். அதைத் தொடாதீர்கள்.

அறிகுறி: நுனியில் மட்டும் வெட்டவில்லை, ஒரு நார் அறாமல் தொங்குகிறது

புதுக் கத்தரியில் இது வராது. பல முறை தீட்டிய கத்தரியில் வரும். தீட்டத் தீட்ட அலகின் அகலம் குறைகிறது. பிடிகள் ஒன்றையொன்று முட்டி நிற்கும் இடம் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. அதனால் அலகு முழுதாக மூடுவதற்கு முன்பே பிடிகள் முட்டிக்கொள்கின்றன.

மூடிய நிலையில் முட்டும் இடத்தைப் பாருங்கள். அங்கே சற்றும் இடைவெளி இல்லாமல், நுனி மட்டும் பிரிந்திருந்தால் காரணம் இதுதான். நுண் அரத்தால் முட்டும் பகுதியை இரண்டு மூன்று முறை ராவி, மூடிப் பாருங்கள். மறுபடி இரண்டு முறை. நுனிகள் ஒன்றையொன்று மயிரளவு தாண்டும்போது நிறுத்துங்கள். அதிகம் ராவிவிட்டால் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், நெருங்கிவிட்ட பிடிகள் உள்ளங்கையைக் கிள்ளும். அந்தத் தவறைத் திருத்துவது கடினம்.

அறிகுறி: அலகின் வாயில் பல் விழுந்திருக்கிறது

கடினமான எஃகு வளைந்து கொடுக்காது, சிதறும். சிதறிய இடத்தில் விழும் பள்ளம்தான் இந்தப் பல். கம்பி, மூங்கில் கணு, காய்ந்த முடிச்சு, திருகியது: காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. போன்சாய்க் கம்பியை வெட்டத் தனிக் கருவி இருக்கிறது. கொம்பு நறுக்கும் கத்தரியால் ஒரு முறை கம்பியை வெட்டினாலே போதும், பல் விழுந்துவிடும்.

பல் கண்ணுக்குத் தெரியாமல் நகத்தில் மட்டும் இடறுகிறது என்றால் விட்டுவிடுங்கள். அடுத்தடுத்த தீட்டலில் தானே மறையும். அரை மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் 400 எண் கல்லில் தொடங்க வேண்டும் (எண் குறையக் குறையக் கல் சொரசொரப்பாக இருக்கும்). பல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழும். கூர்விளிம்பு முழுவதையும் சமமாகப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் என்றால் கொல்லரிடம் அனுப்புவதே நல்லது.

இப்போது கல்

துணியும் திருகாணியும் கைகொடுக்காத நேரம் வந்தே தீரும். கவாத்துக் கத்தரியில் வெட்டும் அலகை மட்டும் தீட்டுங்கள்; தாங்கு அலகில் பிசிறு, அதாவது விளிம்பில் மடிந்து நீட்டும் மெல்லிய எஃகு இழை, இருந்தால் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். உவேகி பசாமியில் இரண்டு அலகையும் தீட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு கொடுத்தால் இரண்டும் சமமாகத் தேயும்.

1000 எண் தண்ணீர்க் கல் ஒன்று, 3000க்கு மேல் ஒன்று. இவை போதும். ஊறவைக்க வேண்டிய வகைக் கல் என்றால் குமிழி நிற்கும் வரை தண்ணீரில் போடுங்கள். அலகு வளைந்திருப்பதால் அலகைக் கல்லின்மேல் ஓட்டுவதைவிட, கத்தரியை மேசை விளிம்பில் அசையாமல் பிடித்துக்கொண்டு சிறிய கல்லை அலகின்மேல் ஓட்டுவது எளிது. சரிவின்மேல் மார்க்கர் பேனாவால் மை பூசிக்கொள்ளுங்கள். நாலு இழுப்புக்குப் பிறகு மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். முதுகை ஒட்டி மட்டும் அழிந்தால் கோணம் தாழ்வு. கூரின் ஓரத்தில் மட்டும் அழிந்தால் கோணம் உயர்வு. கொல்லர் கொடுத்த சரிவு இலேசாகச் சிப்பியின் முதுகுபோல் உருண்டிருக்கும். அதைச் சமதளமாக்க வேண்டாம். மெல்லிய கூர் முதல் நாள் அருமையாக வெட்டும், இரண்டாம் நாள் பல் விழும்.

அடியிலிருந்து நுனிவரை ஒரே மூச்சில் கல்லை நகர்த்துங்கள். சிறிது நேரத்தில் உட்பக்கத்தில் கட்டைவிரலைக் கூருக்குக் குறுக்காக, கூருக்கு வெளியே போகும் திசையில் தடவினால் மெல்லிய பிசிறு இடறும். அடியிலிருந்து நுனிவரை அது சீராகத் தட்டுப்பட்டால் 1000 எண்ணின் வேலை முடிந்தது. நுண்கல்லில் இன்னும் சில இழுப்புகள். கடைசியில் உட்பக்கம்: நுண்கல்லை அலகின்மேல் முற்றிலும் தட்டையாகப் படுக்கவைத்து, அழுத்தாமல், ஒரே ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. பிசிறு உதிர்ந்துவிடும். அந்த இழுப்பில் கல் ஒரு பாகை எழும்பினாலும் மேலே சொன்ன பளபளக்கும் கோடு விழும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டிய ஒரே இடம் இது.

அறிகுறி: தீட்டிய மறுநாளே கூர் போய்விடுகிறது

பிசிறை எடுக்காமல் விட்டிருந்தால் இப்படி ஆகும். அது கூர்போலவே நடித்து, முதல் பத்து வெட்டில் மடங்கிவிடும். உட்பக்கத்தை மேலே சொன்னபடி மறுபடி செய்யுங்கள்.

இன்னொரு காரணம் வருத்தமானது. ஜப்பானிலிருந்து கொண்டுவந்த என் முதல் கவாத்துக் கத்தரியை, ஊரில் சக்கரம் சுற்றிச் சாணை பிடிப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். தீப்பொறி பறந்தது, பளபளவென்று திரும்பி வந்தது. நுனியில் ஒரு விரற்கடை அளவுக்கு மயில்கழுத்து நீலம். அன்றிலிருந்து அந்த இடத்தில் கூர் ஒரு நாளும் நிற்கவில்லை. உலர்ந்த சக்கரத்தில் எஃகு நீலமாகிறது என்றால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது. கொல்லர் தோய்த்துப் பதப்படுத்திக் கொடுத்த கடினம் அந்தச் சூட்டில் இளகிவிடும். நம் அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் பழகிய அந்தக் கையைக் குறை சொல்ல மாட்டேன், கொடுத்தது நான்தான். நீலம் பட்ட பகுதியைக் கல்லில் தேய்த்து அகற்றும் வரை வேறு வழியில்லை. தண்ணீர் இல்லாத எந்தச் சக்கரத்துக்கும் இந்தக் கத்தரிகளைக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: அலகு கறுத்திருக்கிறது, அல்லது சிவந்திருக்கிறது

கறுப்புக்கும் சிவப்புக்கும் ஒரே மருந்து இல்லை. ஓக், செஸ்ட்நட், சீமைப் பனிச்சை போன்ற துவர்ப்பு மரங்களை வெட்டினால் அலகில் நீலக்கறுப்புக் கறை ஏறும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறை அது. எஃகை அரிக்காது, விட்டுவிடலாம். அதுபோல, பிடியிலும் முதுகிலும் உலைக் கறுப்பை அப்படியே விட்டு வரும் கத்தரிகள் உண்டு. அது அழுக்கென்று எண்ணிக் கம்பி நாரால் தேய்த்தவர்கள், துருவைத் தடுக்கும் போர்வையைத் தாங்களே உரித்துவிட்டார்கள்.

சிவப்பு அப்படியல்ல. அன்றே எடுக்க வேண்டும். துரு நீக்கும் ரப்பர் என்று மெருகுப் பொடி கலந்த ஓர் அழிப்பான் கிடைக்கும். அதில் நுண்ணிய வகையை எடுத்து, கூரை நோக்கி அல்லாமல் அலகின் நீளவாக்கில் தேயுங்கள். முரட்டு உப்புத்தாள் வேண்டாம். துரு உட்பக்கத்தில் குழி பறித்து, அந்தக் குழி கூரின் ஓரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் எப்போதும் ஒரு பல் இருப்பதுபோல்தான் வெட்டும்.

துரு மறுபடி வராமலிருக்க ஜப்பானியர் பூசுவது காமெலியா விதை எண்ணெய். ஈசு ஓஷிமாவும் கோத்தோ தீவுகளும் அதற்குப் பெயர்போனவை. அதில் ஒலியிக் அமிலம் மிகுதி. எளிதில் காறிப்போகாது, பசையாகவும் இறுகாது. கிடைக்காவிட்டால் தையல் இயந்திர எண்ணெய் மிக நல்லது. நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும். ஆளி விதை எண்ணெயோ வார்னிஷாகவே காய்ந்துவிடும். பூசிய பிறகு துணியால் ஒற்றி எடுத்து, ஒரு மெல்லிய படலம் மட்டும் மிஞ்ச விடுங்கள். இடுப்பில் மாட்டும் தோலுறை வேலை நேரத்துக்கு மட்டும்தான். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரவில் அதற்குள் தூங்கிய கத்தரியில் காலையில் துருப் புள்ளிகள் இருக்கும். சென்னை, கொழும்பு போன்ற உப்புக்காற்று ஊர்களில் நிச்சயமாக இருக்கும்.

நோய்ப்பட்ட மரத்தை வெட்டினால் அடுத்த மரத்துக்கு முன் 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். வெளுப்புத் திரவம் கிருமியைக் கொல்லும், கூடவே கரிம எஃகையும் அரிக்கும்.

அறிகுறி: ரம்பம் சிக்குகிறது, வளைந்து அறுக்கிறது

ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போதுதான் அறுக்கிறது. தள்ளும்போது அழுத்தினால் மெல்லிய தகடு மடங்கும். ஒரு முறை மடங்கிய தகடு நேராக அறுக்காது. இழுக்கும்போது மட்டும் எடை கொடுங்கள், தள்ளும்போது சும்மா விடுங்கள். பச்சை பைனில் சிக்கினால் பல்லிடுக்கில் பிசின் இருக்கிறது: பழைய பல்துலக்கியும் ஆல்கஹாலும் எடுங்கள்.

பல்லைப் பாருங்கள். நுனிகள் மட்டும் கருநீலமாக இருந்தால் அவை உயர் அதிர்வெண் மின்சாரத்தால் ஒரு நொடிக்குள் சூடேற்றிக் கடினப்படுத்தியவை. அரம் அவற்றில் ஏறாது. மழுங்கினால் அலகையே மாற்ற வேண்டும். ஹியோகோ மாகாணத்தில் செய்யப்பட்டு ‘சில்கி’ என்ற பெயரில் விற்கும் ரம்பங்கள் உட்பட இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. பழைய முறையில் அடித்த ரம்பத்துக்கு மட்டும் பல் கூராக்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொழில் செய்வோர் ஜப்பானிலும் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பது எனக்கு உண்மையான கவலை.

அறிகுறி: ஒரு மணி நேரத்தில் கை வலிக்கிறது

கருவியின் அளவு தவறாக இருக்கலாம். தேர்ந்தெடுப்பது பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த வலிக்குள் இருக்கிறது. கவாத்துக் கத்தரி 180, 200 மில்லிமீட்டர் அளவுகளில் வரும். முழுதாகத் திறந்த நிலையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கீழ்ப்பிடியை எட்டிப் பிடிக்க வேண்டும். எட்டாவிட்டால் பெரிய கத்தரி வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். ஒகாத்சுனே நிறுவனக் கத்தரியின் சிவப்பும் வெள்ளையுமான பிடி புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும்; ஆனால் அதன் ஸ்பிரிங் விறைப்பானது, சிறிய கைகளுக்கு முதலில் சோர்வு தரும். சாகாய் நகரத்து ஆர்ஸ் நிறுவனக் கத்தரிகள் பிடிப்பதற்கு இலகு. நீகாத்தா மாகாணத்துச் சான்ஜோ நகரின் கொல்லர்கள் அடிக்கும் உவேகி பசாமி வேறு உலகம்; எச்சிகோ (அந்தப் பகுதியின் பழைய பெயர்) சான்ஜோவின் அடிப்புக் கருவிகள் 2009இல் அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன, அவற்றில் மரம் நறுக்கும் கத்தரியும் ஒன்று. முதல் கருவியாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். தொழிற்சாலைக் கத்தரி ஒன்றை ஓராண்டு துடைத்து, தீட்டிப் பழகிய கைக்கே அதன் அருமை தெரியும்.

கரிகோமியில் வலி வந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். இரண்டு கையையும் ஆட்டுகிறீர்கள். ஒரு கையை அசையாமல் நிறுத்தி, மற்றதை மட்டும் ஆட்டுங்கள். வெட்டும் கோடு நேராகும், தோளும் தப்பிக்கும்.

கவாத்துக் கத்தரியின் ஸ்பிரிங்குக்குத் தோட்டக்காரர்கள் ‘முஷிபானே’ என்பார்கள், பூச்சி ஸ்பிரிங் என்று பொருள். பூச்சியைப்போலவே அது தெறித்து இலைக்குவியலுக்குள் மறைந்துவிடும். அதன் இரண்டு முனையிலும் வாரம் ஒரு முறை கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், கை பாதி இலகுவாகும். மாற்று ஸ்பிரிங் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரியையும் மாற்று ஸ்பிரிங்கையும் சேர்த்து வாங்கிவிட்டால் பைன் தளிர் கிள்ளும் நாளில் வேலை நடுவில் நிற்காது.